எவ்வளவு வந்தது?

தரகர் பலராமன் சொல்வதில்
பாதியைத்தான் கேட்டோம்.
பள்ளிக்கூடம் பத்து நிமிடம் என்பார்,
யார் ஓட்டினால் என்று சொல்லமாட்டார்.
ஸ்டேஷன் கூப்பிடு தூரம் என்பார்.
எட்வின் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தான்,
நாய்தான் வந்தது.

மீதிப் பாதியைத்
தெருமுனையில் துணி தேய்ப்பவர்களிடம் கேட்டோம்.
"அந்த வருஷம் இங்க எவ்வளவு வந்தது?"
எந்த வருஷம் என்று
ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

முடிச்சூரில் ஒருவர்
பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக்
கையைத் தலைக்கு மேல் தூக்கினார்,
பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல.
கொளத்தூரில் இடுப்பு.
ஊரப்பாக்கத்தில் ஓர் அம்மாள்
முழங்காலைத் தட்டிக் காட்டி
"இவ்ளோதான், சும்மா" என்று சிரித்தார்.
பட்டாபிராமில் கணுக்கால்.
அங்கே விலை கழுத்துவரை இருந்தது.

மேடவாக்கத்துக்கு உள்ளே, தார் போடாத தெருவில்
"இங்கயா? சொட்டு வரலையே" என்றார் ஒருவர்.
அவருக்குப் பின்னால்
பதினேழு குடங்கள்
லாரிக்காக வரிசையில் நின்றன.

எட்வினுக்கு அம்பத்தூரில் வேலை,
எனக்குப் பெருங்குடியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்.
வரைபடத்தில் ஸ்கேல் வைத்து
நடுப்புள்ளி எடுத்தோம்.
அசோக் நகரில் விழுந்தது.
எங்களுக்குக் கிடைக்கும் கடனுக்கு
அங்கே ஒரு குளியலறை வாங்கலாம்,
கதவு தனி.

ஊர்ப் பெயர்கள் பொய் சொல்லவில்லை.
தாங்கல், ஏந்தல், ஏரிக்கரைத் தெரு.
பலகைதான் லேக் வியூ என்கிறது.
ஏரி எங்கே என்றேன்.
"நிக்கிறீங்களே" என்றார் வாட்ச்மேன்.

முப்பது வருட வில்லங்கச் சான்று
எல்லாம் சுத்தம் என்கிறது.
தண்ணீர் வந்து குடியிருந்துவிட்டுப் போனதை
எந்த சார்பதிவாளரும் பதிவதில்லை.

மண்ணிவாக்கத்தில் அந்த வீடு
மூன்று பேருக்கும் பிடித்தது.
கிழக்கில் ஜன்னல், ஒரு முருங்கை,
இன்னும் ஈரவாசனை போகாத புதுப் பெயிண்ட்.
விற்கிற அம்மா டீ கொடுத்தார்,
ஜெனிலாவுக்கு மட்டும் பிஸ்கட்டும்.
நான் அதற்குள் அடுப்பை எந்தப் பக்கம் வைப்பதென்று
மனதில் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

பெரம்பூரில் நாங்கள் இருக்கும் வீட்டில்
சுவரில் பென்சில் வைக்கக் கூடாது.
ஒன்பது வயது ஜெனிலாவின் உயரங்கள்
தேதி முடிந்த காலண்டர்களின் முதுகில்
பீரோவுக்குள் சுருண்டு கிடக்கின்றன.

மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்குப் பின்னால்,
பெயிண்ட் எட்டாத ஒரு முழம் சுவரில்
பழுப்பாய் ஒரு கோடு.
அவள் செருப்பைக் கழற்றிவிட்டு
முதுகை ஒட்டி நின்றாள்,
உச்சந்தலையில் கையைத் தட்டையாக வைத்து.

"அம்மா, இந்த வீட்லயும் ஒரு பாப்பா இருந்திருக்கு.
என்னைவிட ரெண்டு விரல் உசரம்."

பலராமன் போனைப் பார்த்தார்.
எட்வின் மீட்டரைப் படிப்பதுபோல் நின்றான்.
விற்கிற அம்மா
காலி டம்ளர்களை
ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தார்.
மூன்று டம்ளர்கள்தான்.

திரும்பும் ரயிலில்
"மாடி வீடா பாத்தா?" என்றேன்.
"பாத்தா" என்றான்.
தாம்பரம் வரை அதற்குமேல் பேச்சில்லை.

நேற்று ஐயப்பன்தாங்கல்.
வேப்பமரத்து நிழலில் வண்டி,
பள்ளிச் சீருடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.
எவ்வளவு வந்தது என்றேன்.

அவர் கை எழுந்து
நெஞ்சருகே நின்றது.
பக்கத்தில் ஜெனிலாவைப் பார்த்தார்.
கை மெல்ல இறங்கி
தொடையருகே வந்து
"இவ்வளவுதாம்மா" என்றது.